சிங்கப்பூரில் ஜிஞ்சர்பிரெட் வீடு ஏன் சரிகிறது? பிள்ளைகளோடு கட்டுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி விடுமுறை. வெளியே மழை. வீட்டில் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். "போரடிக்குது" என்ற புகார் காலையிலேயே தொடங்கிவிட்டது.

கிறிஸ்துமஸ் நேரத்தில் பலர் கையில் எடுப்பது ஜிஞ்சர்பிரெட் வீடு. இஞ்சி, பட்டை, கிராம்பு சேர்த்துச் சுட்ட பிஸ்கட் துண்டுகளை ஐசிங்கால் ஒட்டி, மிட்டாய்களால் அலங்கரிக்கும் குட்டி வீடு.

படத்தில் பார்க்க அழகா இருக்கும். ஆனால் இங்கே செய்தால் மறுநாள் காலையில் கூரை தட்டில் கிடக்கலாம். ஏன்?

எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியிலிருந்து. கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டு வெளியிட்ட கதைத் தொகுப்பில், ஹான்சல் - கிரேட்டல் என்ற அண்ணனும் தங்கையும் காட்டில் ஒரு வீட்டைக் காண்பார்கள். ரொட்டிச் சுவர், கேக் கூரை, சர்க்கரைச் சன்னல். கதை பிரபலமானதும் இத்தகைய வீடுகளும் பிரபலமாயின.

பெயரில் நமக்கும் பங்கு உண்டு. 'ஜிஞ்சர்' என்ற சொல் கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் தமிழிலும் மலையாளத்திலும் உள்ள 'இஞ்சி' என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

ஏன் சரிகிறது?

காரணம் ஈரப்பதம். சிங்கப்பூரில் அதிகாலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளிலும் பிற்பகலில் சுமார் 60 விழுக்காடு இருக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு.

பிஸ்கட்டில் உள்ள சர்க்கரையும் தேனும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தால் நமத்துப் போகுமே, அதே கதைதான். முறுக்கு நமத்தால் சுவைதான் போகும். சுவர் நமத்தால் வீடே சாயும்.

ஒட்டும் பசையிலும் சிக்கல். முட்டை வெள்ளைக்கருவையும் ஐசிங் சர்க்கரையையும் அடித்துச் செய்வது 'ராயல் ஐசிங்'. அதிலுள்ள நீர் உலர்ந்தால்தான் அது இறுகும். ஈரக் காற்றில் அதற்கு நேரம் பிடிக்கும்.

என்ன செய்யலாம்?

- துண்டுகளை முதல் நாளே சுட்டுவிடுங்கள். அரை சென்டிமீட்டர் கனம் போதும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

- ஐசிங் பற்பசைபோல் கெட்டியாக இருக்கட்டும். ஒழுகினால் இன்னும் கொஞ்சம் ஐசிங் சர்க்கரை சேருங்கள்.

- சுவர்களைப் படுக்க வைத்தே அலங்கரியுங்கள். அது உலர்ந்த பிறகு நிறுத்தி ஒட்டலாம்.

- குளிரூட்டி ஓடும் அறையில் கட்டுங்கள். அது காற்றின் ஈரத்தைக் குறைக்கும். சுவர் இறுக 2 மணி நேரமாவது கொடுத்து, அப்புறம் கூரையை வையுங்கள்.

- குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேணாம். வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்துக்கொள்ளும்.

மிகச் சிறிய பிள்ளைகளா? காலியான பால் பெட்டியைக் கழுவி உலர்த்தி, அதன்மேல் கடையில் வாங்கிய பிஸ்கட்டை ஒட்டச் சொல்லுங்கள். அவ்வளவு எளிதில் சரியாது.

கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் விரலை நக்காமல் இருக்கமாட்டார்கள். பச்சை முட்டையில் சால்மனெல்லா கிருமி இருக்கலாம். கிருமிநீக்கம் செய்யப்பட்ட முட்டையைப் பயன்படுத்துங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டின் கொண்டைக்கடலையில் உள்ள தண்ணீர் கைகொடுக்கும். அதை அடித்தால் வெள்ளைக்கருபோலவே நுரைக்கும்.

மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம் நண்பர்களும் சைவம் சாப்பிடுபவர்களும் வந்தால் பொட்டலத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குட்டிப் பிள்ளைகளுக்குக் கடின மிட்டாய் வேணாம், தொண்டையில் சிக்கும்.

யார் கட்டுவது?

இதுதான் முக்கியம். "கோணலா இருக்கு, கொடு, நான் ஒட்டுறேன்" என்று நாம் வாங்கிக்கொண்டால், வீடு நேராக நிற்கும். ஆனால் கட்ட வந்த பிள்ளை வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடும். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் வருமா?

அடுப்பும் கத்தியும் உங்கள் பொறுப்பு. மாவு அளப்பது, அட்டை வடிவத்தை வைத்துப் பார்ப்பது, ஐசிங் பிழிவது, மிட்டாய் ஒட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. மிட்டாய் முழுக்க ஒரே பக்கம் குவிந்தால் குவியட்டும்.

கூரை சரிந்தால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். "ஏன் விழுந்துச்சு?" என்று கேளுங்கள். ஐசிங் தண்ணியா இருந்ததா, காயும் முன்பே வைத்துவிட்டோமா என்று அவர்களே யோசிப்பார்கள். மறுபடி ஒட்ட ஐசிங் கொஞ்சம் மீதம் இருக்கட்டும்.

புத்தாண்டு வரை காத்து வைக்க நினைக்க வேணாம். நம் ஊர் ஈரத்தில் நமத்துப் போகும், எறும்பும் வரும். சில நாளிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஹான்சலும் கிரேட்டலும் அந்த வீட்டைக் கண்டதும் கூரையையும் சன்னலையும் பிய்த்துத் தின்னத்தானே செய்தார்கள்!