வழி நடந்தவரே வழித்துணை

முதுகுத் தண்டில் அடிபட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளை நாம் மகிழ்ச்சிக்குரிய நாளாகவே கருதுகின்றோம். உண்மையில் அவருடைய கடினமான காலம் அன்றுதான் தொடங்குகின்றது.

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியை எண்ணிப் பாருங்கள். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள், அவற்றை ஒட்டி ஒடுங்கிய சந்துகள், செங்குத்தான மாடிப்படிகள். மூட்டை சுமக்கையில் இடறி விழுந்தவரோ, தென்னையிலிருந்து வீழ்ந்தவரோ அத்தகைய வீடொன்றில் படுத்துவிட்டால், வாயிற்படியே அவருக்கு மலையாகி விடுகின்றது. உற்றார் வருவர், இரங்குவர், செல்வர். 'எனக்கும் இவ்வாறே நேர்ந்தது. நான் இப்படிச் சமாளித்தேன்' என்று சொல்லவல்ல ஒருவர் மட்டும் வருவதில்லை.

அந்த ஒருவரின் சொல்லுக்கு ஏன் இத்துணை மதிப்பு? தண்டுவடம் மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் கொண்டு செல்வது. கழுத்தில் அது சிதைந்தால் கைகளும் கால்களும், மார்புக்குக் கீழே சிதைந்தால் கால்களும் செயலிழக்கக் கூடும். உணர்வும் அற்றுப்போவதால், ஒரே நிலையில் அமர்ந்து தோல் நைந்து புண்ணாவதும் தெரிவதில்லை. அடிக்கடி உடலின் எடையை மாற்றி அமரவேண்டும் என்று மருத்துவர் கூறுவார். ஆனால் அலுவலகத்திலும் திருமண வீட்டிலும் அதை எவ்வாறு செய்வது, வெளியூர் சென்றால் சிறுநீர் கழிக்க என்ன வழி, நாணத்தை எப்படி வெல்வது என்பவற்றை அனுபவித்தவரே தெளிவாகக் கூற இயலும்.

இவ்வுண்மைக்குக் கொச்சியே சான்று தருகின்றது. 1925-இல் அங்கே பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமாயிருந்தார். தம்மைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் காணும் நோயாளிக்கு வேறு அறிவுரையும் வேண்டுமோ? தென்காசியை அடுத்த ஆய்க்குடியிலும் இதனையே காண்கின்றோம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் அங்கு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

ஆயினும் எல்லோரும் வேலூருக்கும் ஆய்க்குடிக்கும் செல்ல இயலுமா? இங்கேதான் மெய்நிகர்க் காட்சி உதவிக்கு வருகின்றது. கண்களை மூடும் கண்ணாடி போன்ற கருவி, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுகின்றது. மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஓர் இடமாகக் கொள்கின்றது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகின்றது. 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து செய்த கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றோ அதைத் தலையிலேயே அணிந்து கொள்ளலாம். மட்டாஞ்சேரியில் படுத்திருப்பவரும் தொலைவூரில் பல்லாண்டு சக்கர நாற்காலியில் பழகியவரும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்தாற்போல் உரையாட இயலும்.

எச்சரிக்கையும் வேண்டும். சிலருக்குத் தலை சுற்றும். கழுத்தில் அடிபட்டவருக்குக் கருவியின் கனம் தொல்லை தரலாம். விரல்கள் இயங்காதவருக்குக் கைப்பிடி பயன்படாது. காட்சியில் ஆழ்ந்து எடை மாற்றி அமர மறந்தால், நன்மை தேடிய இடத்தில் புண் வந்து சேரும். ஆகவே நேரத்தை நினைவூட்ட ஒருவர் அருகிலிருத்தல் நலம். தோழர் கூறுவது அனுபவம். மருந்தைப் பற்றிய முடிவு மருத்துவருடையது.

கருவி ஒரு பாலமே. பாலத்தின் மறுகரையில் நிற்க மனமுள்ள மனிதர் இல்லையெனில் அதனால் பயனில்லை. அம்மனிதரைத் தேடி இணைத்து வைப்பதும், நம் தெருவில் ஒரு படிக்குச் சாய்தளம் அமைப்பதும் நம்மால் ஆகக்கூடியவை. அடைபட்டிருக்கும் ஒருவர் முதலில் பேச்சால் வெளியே வரட்டும். பின்னர் வாயிற்படியைக் கடந்தும் வரட்டும்.