டிஷ் மாட்டியாச்சு... எர்த் போட்டாச்சா?

எங்கள் ஆரணியில் எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் டிஷ் ஆன்டெனாக்கள்தான் கண்ணில் படும். பெரும்பாலும் எல்லாம் தென்கிழக்குப் பக்கமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தறி வீடுகளில் டி.வி. இல்லாமல் வேலை ஓடாது. ஆண்கள் தறிக்குழியில் உட்கார்ந்து நாடா ஓட்ட, நாம் ராட்டையில் தார் சுற்ற, கூடவே ஒரு பாட்டோ சீரியலோ ஓடிக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது.

டிஷ் மாட்டும்போது படம் தெளிவாக வருகிறதா, எத்தனை சானல், மாதம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். "எர்த் கொடுத்தாச்சா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

டிஷ் ஏன் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது தெரியுமா? பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் செயற்கைக்கோளும் சுற்றுகிறது. அதனால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் சன் டைரக்டுக்கும் உரிய இடம் கிழக்குத் தீர்க்க ரேகை 93.5 டிகிரி. ஆரணியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, தலைக்கு மேல் நல்ல உயரத்தில் வரும். அந்தப் பக்கம் தென்னை மட்டையோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காமல் இருந்தால் போதும்.

இப்படி ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறிய அவருடைய கொழும்பு வீட்டில், 1975-ல் நம் இஸ்ரோ பொறியாளர்களே போய் ஒரு டிஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தார்கள். அது 5 மீட்டர் அகலம்! இன்று நம் வீட்டு டிஷ் சுமார் 60 சென்டிமீட்டர்தான். சின்னதாகிவிட்டதால்தானோ என்னவோ, அதை மாட்டுவதும் நமக்குச் சின்ன விஷயமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் மாட்ட வந்த பையன் அரை மணி நேரத்தில் நான்கு போல்ட் அடித்து, படத்தையும் வரவழைத்துவிட்டான். "எர்த் ஒயர் எங்கேப்பா?" என்றேன். "அதெல்லாம் யாரும் போடறதில்லக்கா. படம் சூப்பரா வருது பாருங்க" என்று கிளம்பிவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தெருவில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னதும் செய்ததும் எல்லாருக்கும் பயன்படும்.

"டிஷ்ஷுக்குப் போற கரண்ட் வெறும் 13 இல்லேன்னா 18 வோல்ட்தாம்மா. அது ஆளை அடிக்காது" என்றார் முதலில். அப்படியானால் பயம் எதற்கு? இரண்டு காரணம் சொன்னார்.

ஒன்று, கீழே இருந்து வரும் ஆபத்து. செட்டாப் பாக்ஸிலோ டி.வி.யிலோ கசிவு இருந்தால், அந்தக் கரண்ட் கேபிளின் வெளிப்புற வலை வழியே மாடியில் இருக்கும் டிஷ் வரை போகும். பல பாக்ஸ்களுக்கு இரண்டு பின் பிளக்தான். அதில் எர்த்துக்கு வழியே இல்லை. கேபிள் முனையைத் தொட்டால் 'சுர்'ரென்று இருப்பது இதனால்தான். தரையில் ஈரம் இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். குழித்தறியில் ஈர மண்ணில் வெறுங்காலோடு மிதிப்பவர்களும், ஈரக் கையோடு ஓடி வரும் குழந்தைகளும் நம் வீட்டில் உண்டே!

இரண்டு, மேலே இருந்து வரும் ஆபத்து. மின்னல் நம் வீட்டில் விழ வேண்டும் என்பதே இல்லை. பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலும், இரும்புக் கம்பத்திலும் கேபிளிலும் மின்னழுத்தம் குபீரென்று ஏறும். எர்த் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கும். இல்லாவிட்டால் நேரே டி.வி.க்கு வரும்.

அவர் செய்த வேலை இதுதான். முதலில் எங்கள் வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துச் சோதித்தார். பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தே கிடக்குமாம். பிறகு டிஷ் கம்பத்திலிருந்து கெட்டியான செம்புக் கம்பியைச் சுருட்டாமல், நேராக, குறுக்கு வழியில் கீழே இறக்கினார். இது 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இதற்கு ஆகாது.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், இரு பக்கமும் கேபிளைத் திருகி மாட்டும் ஒரு சின்ன உலோகக் கட்டியை வைத்து, அதிலிருந்தும் எர்த்துக்கு இணைப்புக் கொடுத்தார். நுழையும் துளைக்கு முன்னால் கேபிளைத் தொட்டில் மாதிரி கொஞ்சம் தொங்கவிட்டார். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

"டிஷ்ஷுக்குத் தனியா ஒரு கம்பி அடிச்சு விட்டுடலாமே?" என்றேன். "கூடவே கூடாது. தனியா அடிச்சாலும் அதை வீட்டு எர்த்தோட சேர்த்தே ஆகணும். இல்லேன்னா ரெண்டுக்கும் நடுவுல அழுத்தம் வேறாகி, பாக்ஸ் வழியாத்தான் பாயும்" என்றார். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வீண். இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக்தானே!

எர்த் குழி என்பது சுமார் இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாயை, கரியும் உப்பும் போட்டுப் புதைப்பது. கோடையில் மண் காய்ந்தால் வேலை செய்யாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றிவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொண்டால், கரண்ட் கசியும்போது தானே அணைத்துவிடும். ஆனால் மின்னலுக்கு அது பதில் ஆகாது.

இனி நம் கையில் இருக்கும் காரியங்கள்:

டிஷ் கம்பத்தில் துணிக்கொடி கட்டாதீர்கள். ஈரத்துணியின் பாரத்தில் டிஷ் கொஞ்சம் அசைந்தாலே படம் போய்விடும். அதைவிட முக்கியம், கசிவு இருந்தால் கம்பிக்கொடி முழுக்கக் கரண்ட் வரும். துணி உலர்த்துவது நாம்தானே?

பலத்த மழையில் படம் உடைந்து போவது டிஷ்ஷின் கோளாறு அல்ல. வழியில் மழைத்துளிகள் அலையை விழுங்கிவிடுகின்றன. மழை விட்டதும் தானே வரும். மழையில் மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்ப யாரையும் விடாதீர்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மொட்டை மாடியும் வெட்டவெளிதான்.

வானம் கறுக்கத் தொடங்கும்போதே பாக்ஸ், டி.வி. இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். கேபிளையும் கழற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு எதையும் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை மாடிப் பக்கமே வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மின்னல் நேரே டிஷ் மேல் விழுந்தால், எந்த எர்த்தும் டி.வி.யைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது. வீட்டையும் ஆட்களையும் காப்பதற்குத்தான் எர்த். அடுத்த முறை டிஷ் மாட்ட ஆள் வந்தால், படம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். "எர்த் ஒயரைக் காட்டு தம்பி" என்று கேளுங்கள். அவரிடம் இல்லை என்றால், அன்றைக்கே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.