மீன் வயிற்றில் ஒரு பலூன்!

தென்னம்பாளையம் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கியவர்கள் கவனித்திருக்கலாம். கட்லாவின் வயிற்றைக் கீறிக் குடலை இழுக்கும்போது, கூடவே வெள்ளையாக, பளபளவென்று ஒரு பலூன் வந்து விழும். நடுவில் கயிறு கட்டி இறுக்கின மாதிரி இரண்டு அறை. "இது என்னங்கண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். வெட்டுகிறவர் கை நிற்காது. "காத்துப் பைங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க, வெறும் காத்து!" என்பார். அடுத்த விநாடி அது கழிவு வாளியில்.

வெறும் காற்றுதான். ஆனால், அந்த வெறும் காற்றை நம்பித்தான் மீனின் பிழைப்பே ஓடுகிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு 'ஜி.எஸ்.எம்.' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு சதுர மீட்டர் பனியன் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. கூடினால் நமக்கு நஷ்டம், குறைந்தால் பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். மீனுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதன் சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். சும்மா இருந்தால் கீழே போய்விடும். மூழ்காமல் இருக்க ராப்பகலாகத் துடுப்பு போடணும். துடுப்பு போடத் தெம்பு வேணும், தெம்புக்குச் சாப்பாடு வேணும். இந்தச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற பார்ட்னர்தான் காற்றுப்பை.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஆற்று மீனின் உடம்பில் சுமார் 7 சதவீத இடம் காற்றுப்பைக்குப் போகிறது. கடல் மீனுக்கு 5 சதவீதம் போதும். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அதுவே மீனைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. ஆக, ஒரு கிலோ கட்லாவுக்கு சுமார் 70 மில்லி காற்று. டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ அளவுகூட இல்லை!

இதில் ஒரு சிக்கல். நம்ம அமராவதி அணையில் அந்தக் கட்லா மேல்மட்டத்திலிருந்து 33 அடி ஆழத்துக்கு இறங்குகிறது என்று வையுங்கள். அங்கே அழுத்தம் இரண்டு மடங்கு. 70 மில்லி காற்று 35 மில்லியாகச் சுருங்கிவிடும். மீன் கனத்து, இன்னும் கீழே போகும். மேலே வந்தால் நேர் எதிர். காற்று விரியும், மீன் இன்னும் மேலே மிதக்கும். அதனால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் மீன் தன் கணக்கை 'டேலி' பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படிப் பண்ணுகிறது? இரண்டு வழி.

கட்லா, ரோகு, தங்கமீன் வகையறாவுக்குப் பையிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் உண்டு. காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் விழுங்கும். கூடினால் ஏப்பம் விடும். சுலபம்.

ஜிலேபி மீனுக்கு அந்தக் குழாய் கிடையாது. ரத்தத்திலிருந்துதான் காற்றை எடுத்துப் பையில் நிரப்பணும். பையின் சுவரில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது ரத்தத்தைப் புளிக்க வைக்கும். புளித்த ரத்தம் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனை விட்டுவிடும். அது திரும்ப ரத்தத்தோடு ஓடிப் போகாமல் இருக்க, உள்ளே வருகிற நுண்குழாய்களும் வெளியே போகிற நுண்குழாய்களும் ஒட்டி ஒட்டி எதிரெதிராக ஓடுகின்றன. டையிங் பட்டறையில் வெளியேறுகிற சுடுதண்ணீரின் சூட்டை உள்ளே வருகிற பச்சைத் தண்ணீருக்கு மாற்றி மிச்சம் பிடிக்க 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' வைக்கிறார்கள் இல்லையா? அதே டெக்னிக். பல கோடி வருஷம் முன்பே மீன் கண்டுபிடித்துவிட்டது. பேட்டன்ட்தான் வாங்கவில்லை.

ஆனால் இந்த முறை மெதுவானது. ஆழத்தில் கிடக்கும் கலவா மீனைத் தூண்டிலில் சரசரவென்று மேலே இழுத்தால், பை ஊதிப் பெருத்து, கண் பிதுங்கி, வயிறே வாய் வழியாக வெளியே வந்துவிடும். பாவம்.

காற்றுப்பையே இல்லாத ஆசாமிகளும் உண்டு. சுறா தன் பெரிய ஈரலில் எண்ணெயைச் சேமித்துச் சமாளிக்கிறது. வரிச்சூரைக்கு அதுவும் கிடையாது. நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கணும். ஆயுசு பூரா ஒன்றரை ஷிஃப்ட்!

பைக்கு வேறு உத்தியோகங்களும் உண்டு. கட்லா, ரோகு, கெளுத்தி இனங்களில் பைக்கும் உள்காதுக்கும் நடுவே குட்டிக் குட்டி எலும்புகள் சங்கிலி மாதிரி இருக்கின்றன. தண்ணீரில் வரும் சத்தத்துக்குப் பை அதிரும், எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். 1820-ல் வெபர் என்ற ஜெர்மானியர் இதை விவரித்தார். கத்தாழை மீன் ஒரு படி மேலே. பையின் பக்கத்துத் தசையைத் துடிக்கவைத்து, பையை மத்தளமாக்கிச் சத்தம் போடுகிறது.

வீட்டுத் தொட்டியில் தங்கமீன் தலைகீழாக மிதந்தால் பெரும்பாலும் இந்தப் பைதான் தகராறு. அழகுக்காக உருண்டையாக வளர்க்கப்பட்ட ரகங்களில் உள்ளே இடம் நெருக்கடி. மேலே மிதக்கும் தீனியை அவசரமாகத் தின்று காற்றையும் சேர்த்து விழுங்கினால் கஷ்டம்தான். இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு அடியில் மூழ்குகிற தீனியாகக் கொஞ்சமாகக் கொடுத்தால் பல சமயம் நிமிர்ந்துவிடும்.

இனி பணக் கணக்கு. நாம் வாளியில் போடுகிற இந்தப் பையைக் கடற்கரைப் பக்கம் 'நெட்டி' என்பார்கள். கூரல் என்றொரு பெரிய கத்தாழை இனம். அதன் நெட்டியைக் காயவைத்தால், சூப்புக்கும் மருந்துக்கும் என்று சீனா, ஹாங்காங் பக்கம் தங்க விலை. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கத்து மீனவர் ஒருவர் வலையில் 157 கூரல் சிக்கியது. ஏலம் போனது 1.33 கோடி ரூபாய்க்கு! மீன் ஒன்றுக்குச் சராசரி 85 ஆயிரம். 2023-ல் குஜராத் அரசு இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது.

அதிர்ஷ்டம்தான். ஆனால் மீனுக்கு? மெக்ஸிகோவில் 'டோடுவாபா' என்ற மீனுக்கும் இதே வகை நெட்டி. 1975-லேயே பிடிக்கத் தடை போட்டும் திருட்டு வலை நிற்கவில்லை. அந்த வலைகளில் சிக்கிச் சிக்கி, அங்கே மட்டுமே வாழ்கிற 'வாகீட்டா' என்ற குட்டிக் கடல் பாலூட்டி இன்று உலகிலேயே சுமார் பத்துதான் மிச்சம். மீனைக் காப்பாற்ற இருந்த பை, அதற்கும் அக்கம்பக்கத்துக்கும் எமனாகிவிட்டது.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பிறந்த குஞ்சின் காற்றுப்பை காலியாகத்தான் இருக்கும். பல இனங்களில் குஞ்சு நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்று விழுங்கினால்தான் பை முதல்முறை ஊதும். அதற்குச் சில நாட்கள்தான் கெடு. குழாய் இல்லாத இனங்கள் பலவற்றுக்கும் அந்தச் சில நாட்கள் மட்டும் குழாய் திறந்திருக்கும். நீர்மட்டத்தில் மெல்லிசாக எண்ணெய்ப் படலம் இருந்தால் போச்சு. பை ஊதாது. முதுகெலும்பு வளையும், வளர்ச்சி நிற்கும், பெரும்பாலும் சாகும். அதனால்தான் கடல்மீன் குஞ்சு வளர்க்கும் பண்ணைகளில் தொட்டியின் மேல்படலத்தை வழித்தெடுக்கத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள்.

நொய்யலுக்கு அப்படிக் கருவி வைக்க முடியாது. பாசனத்துக்கென்று 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போன கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்கு ஊர் வழிக்கு வந்தது. இன்னொரு பக்கம், நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சர் பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்கே கூழைக்கடாவும் நீர்க்காகமும் வருவது குளத்தின் அழகைப் பார்க்க அல்ல, மீனுக்காக!

எனவே ஒர்க் ஷாப் கழிவு ஆயிலையும், வடை சுட்ட எண்ணெயையும் சாக்கடையில் கவிழ்க்கும்முன் கொஞ்சம் யோசிக்கலாம். சாக்கடை போய்ச் சேருவது ஏதோ ஒரு குளமோ ஆறோதான். அங்கே நகத்தளவு குஞ்சு ஒன்று மேலே வந்து வாயைத் திறக்கும். அது கேட்பது ஒரே ஒரு வாய் காற்று.

ஓசிக் காற்றுதானே, விட்டுக் கொடுங்களேன்!