காவடி இறக்கிய பின் ஏன் இந்தச் சோர்வு?

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறிக் காவடியை இறக்கும்போது பக்தர்களின் முகத்தில் நிறைவு தெரியும். ஆனால் இரண்டொரு நாள் கழித்துச் சிலருக்குக் காரணம் புரியாத வெறுமை வருகிறது. சின்ன விஷயத்துக்கும் அழுகை முட்டுகிறது. ‘விரதத்தில் குறை வைத்துவிட்டோமோ?’ என்று கலங்குவோரும் உண்டு. அந்தக் கவலை தேவையில்லை. உடல் தன் இயல்பு நிலைக்குத் திரும்புவதன் விளைவாக இது இருக்கலாம்.

மாரத்தான் ஓடியவர்களும், மேலைநாடுகளில் பரஸ்பர சம்மதத்துடன் வலியை விளையாட்டாக ஏற்கும் தம்பதியரும் இதே தாமதமான சோர்வைச் சொல்கிறார்கள். நோக்கங்கள் வெவ்வேறு, உடல் இயங்கும் விதம் ஒன்றே.

கடும் வலியிலும் உழைப்பிலும் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் பெருகுகின்றன. மூளையில் எண்டார்ஃபின் போன்ற இயற்கை வலிநிவாரணிகள் சுரக்கின்றன. அமெரிக்காவில், தோலில் கொக்கிகள் மாட்டிக்கொண்டு முரசொலிக்கு ஆடும் ஒரு சடங்கை ஆராய்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. ஆடியவர்களின் கார்டிசோல் உயர்ந்திருந்தது. ஆனால் மன அழுத்தம் குறைந்ததாகவே அவர்கள் கூறினார்கள். அதாவது, மனம் லேசாக இருக்கும் வேளையிலும் உடல் பாரம் சுமக்கிறது.

1974இல் உளவியலாளர்கள் சாலமன், கார்பிட் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். தீவிர உணர்ச்சி எழுந்தால், அதைச் சமன்படுத்த மூளை எதிர் உணர்ச்சியையும் எழுப்புகிறது. முதல் உணர்ச்சி சீக்கிரம் அடங்கிவிடும். எதிர் உணர்ச்சி மெதுவாகவே அடங்கும். பரவசம் போன பின் எஞ்சுவது அதுதான்.

இதோடு தூக்கமின்மை, வியர்வையில் இழந்த நீர், விரத உணவு ஆகியவையும் சேர்கின்றன. பல வாரங்கள் கூடவே இருந்த விரதக் குழு கலைந்து, உருமி மேளம் ஓய்ந்து, மறுநாளே வேலைக்குப் போவதும் ஒரு காரணமாகலாம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. மொரிஷியசில் காவடி எடுத்தவர்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், உடல்நலக் கேடு எதுவும் தென்படவில்லை. அதிக அலகு குத்தியவர்களே மனநலம் கூடியதாகச் சொன்னார்கள். ஆக, சோர்வு எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் கடந்துபோகும்.

காவடி எடுப்பவர் அடுத்த இரண்டு நாள்களுக்கு விடுப்பு எடுப்பது நல்லது. நன்றாகத் தூங்கவேண்டும், தண்ணீரும் சத்தான உணவும் எடுத்துக்கொள்ளவேண்டும். வீட்டார் அவரைத் தனியே விடாமல் பேச்சுத்துணையாக இருக்கலாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். காயம் சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.