ஒரு சிலிண்டர் காற்று எவ்வளவு ஆழத்துக்கு?

நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் கமக்காரருக்கு, மெசினில் ஒரு லீற்றர் எண்ணெய் விட்டால் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் பாயும் என்பது கைக்கணக்கு. காலையில் இறைத்தாலும் மாலையில் இறைத்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. சுழியோடி முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் காற்றுச் சிலிண்டர் அப்படிப்பட்டதல்ல. ஆளும் அதே ஆள், சிலிண்டரும் அதே சிலிண்டர்; ஆழம் கூடக் கூட அது தீரும் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

கமத்தைப் பற்றி எழுதும் ஏட்டில் கடலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தம் சொந்தக் காணியில் கால் வைக்கவில்லை. தோட்டமில்லாத வீட்டில் வளர்ந்த பெடியனுக்கு மண்வெட்டி பிடிக்க இடமில்லை. அட்டை குளிக்கவோ சங்கு குளிக்கவோ ஆள் தேவை என்று ஒரு சம்மாட்டி கேட்டு வந்தால், தோட்டக் கூலியிலும் பார்க்கக் கூடத் தருகிறேன் என்றும் சொன்னால், வீட்டிலுள்ளவர்கள் எதை வைத்து முடிவு எடுப்பது? கடற்கரையில் பிறந்தவனுக்கு நீரோட்டமாவது தெரியும். செம்மண்ணில் வளர்ந்தவனுக்கு அதுவும் தெரியாது. ஆகவே கணக்கையாவது தெரிந்து வைத்திருப்போம்.

வழக்கமான ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 11 லீற்றர் கொள்ளும். அதற்குள் 200 மடங்கு அமுக்கத்தில் காற்றை அடைத்தால், வெளியில் 2,200 லீற்றர் இடத்தை நிரப்பும் காற்று அதில் இருக்கும். அமைதியாக நீந்தும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் அளவில் சுவாசிப்பார் என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டத்தில் அது 110 நிமிடத்துக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு 10 மீற்றருக்கும், அதாவது 33 அடிக்கும், தண்ணீர் ஒரு வளிமண்டல அமுக்கத்தை நம்மீது ஏற்றுகிறது. 33 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிறைந்த கிணறு ஒன்றின் அடியில் நிற்பவர் மேலே விடும் மூச்சைப்போல இருமடங்கு காற்றை இழுப்பார். அங்கே சிலிண்டர் 55 நிமிடந்தான். 20 மீற்றரில் 37 நிமிடம். 30 மீற்றரில் 27. 40 மீற்றரில் 22.

இது அமைதியாக இருப்பவருக்கு. சேற்றைக் கிளறி, பை நிரப்பி, நீரோட்டத்தை எதிர்த்து வேலை செய்கிறவர் இரண்டு மடங்கு மூச்சு விடுவார். பயந்தவர் அதற்கும் மேல். அப்படியானால் 30 மீற்றரில் 14 நிமிடமும் இல்லை. அதிலும் கடைசிக் கால்வாசியான 50 அளவை மேலே வருவதற்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகளின் பொது விதி. அதைக் கழித்தால் வேலைக்குக் கிடைப்பது 10 நிமிடந்தான்.

அந்தக் கால்வாசி தாராளமான மிச்சம் என்று எண்ண வேண்டாம். மேலெழும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படக்கூடாது. பிறகு 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்கவேண்டும். 30 மீற்றரிலிருந்து பதைப்போடு மூச்சு விட்டுக்கொண்டு இப்படி ஒருவர் ஏறினால், அந்த 550 லீற்றரும் ஏறக்குறைய சரியாகப் போய்விடும். பக்கத்தில் வந்தவரின் சிலிண்டர் தீர்ந்து இருவரும் ஒன்றிலேயே மூச்சு விட நேர்ந்தால் போதாது. ஒற்றைச் சிலிண்டரோடு ஆழம் போவதின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாய் அறுந்தாலும் ஒரு வாய்க்கருவி அடைத்தாலும் மாற்று இல்லை.

காற்றுத் தீர்ந்தவர் செய்யும் முதற் காரியம் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது. மன்னார்க் கடலில் முன்னர் கல்லைக் கட்டி இறங்கி முத்துக் குளித்தவர்களுக்கு அதனால் பாதகமில்லை. மேலே இழுத்த ஒரே மூச்சோடு போனவர்கள் அவர்கள். அந்தக் காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். சிலிண்டர்க்காரர் கீழே அமுக்கமான காற்றை நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறார். 10 மீற்றரிலிருந்து வாயை மூடிக்கொண்டு வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காகும். நெஞ்சுக்கூடு இரண்டு மடங்காகாது. சுவாசப்பை கிழிந்து, காற்றுக்குமிழ் இரத்தத்தோடு மூளைக்குப் போகும். அநுபவசாலியான முத்துக்குளிகாரரின் புத்திமதி சிலிண்டர்க்காரருக்குச் சில வேளை நஞ்சாவது இதனாலேதான்.

இனி, காற்று தாராளமாக இருந்தாலும் நிற்கமுடியாத காரணம் ஒன்று. நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆழத்தில் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேரும். மெதுவாக வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். சடுதியாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தாற்போல் உடம்புக்குள்ளேயே நுரைக்கும். அமெரிக்காவில் புறூக்ளின் பாலத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது அமுக்கக் காற்று அறைகளில் வேலை செய்த கூலியாட்கள் இப்படி விழுந்தார்கள். பொறியியலாளர் வாஷிங்ரன் றோப்லிங்கும் 1872இல் அதே நோயால் முடங்கினார். பிரித்தானியாவில் ஹோல்டேன் 1908இல் வெளியிட்ட அட்டவணைதான், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம், எங்கே தரித்து ஏறுவது என்று முதலில் ஒழுங்காகச் சொன்னது.

இன்றைய அட்டவணைகளின்படி, இடையில் நீண்ட தரிப்பில்லாமல் ஏறிவர வேண்டுமானால் 30 மீற்றரில் 20 நிமிடமளவும், 40 மீற்றரில் 10 நிமிடமளவும் நிற்கலாம். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். 40 மீற்றரில் சிலிண்டர் 22 நிமிடம் தாங்கும்; உடம்பு 10 நிமிடந்தான். காற்று மிச்சமிருக்கிறது என்று நிற்பவர் உடம்பைக் கடனாளியாக்குகிறார். உடனே அடுத்த சிலிண்டரைக் கட்டி இறங்கினால் பழைய கடன் தீராமலே புதுக்கடன் ஏறும். அட்டை குளிப்பவர்கள் ஒரே நாளில் மூன்று நான்கு சிலிண்டர் பாவிப்பது வழக்கம். கரையோரத்தில் அட்டை குறையக் குறைய ஆழமும் கூடுகிறது. ஆழத்தையும் தடவையையும் கூலி தீர்மானிக்கிறது, அட்டவணை அல்ல.

30 மீற்றருக்குக் கீழே புத்தியும் தடுமாறும். அமுக்கமான நைதரசன் கள்ளுக் குடித்தாற்போல் மயக்கும்; அளவுமானியைப் பார்த்தும் விளங்காது. பிரான்சில் குஸ்ரோவின் குழுவில் இருந்த மோறிஸ் பார்க் என்ற திறமையான சுழியோடி 1947இல் 120 மீற்றர் வரை போய் அடையாளப் பலகையில் கையெழுத்து வைத்தார், உயிரோடு வரவில்லை. நமது மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ கப்பல் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு வகுத்த எல்லை 40 மீற்றர். அந்தக் கப்பலடியில் ஒற்றைச் சிலிண்டரின் பாவிக்கக்கூடிய காற்று, அமைதியானவருக்கே 13 நிமிடம்.

நீர்வேலிக்கு வடக்கே, நவக்கிரியில் உள்ள நிலாவரையையும் இங்கே சொல்லவேண்டும். எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்ற ஊர்க்கதையைக் கேட்டு வளர்ந்த இளைஞருக்கு அடியைப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. மேலே நன்னீர், கீழே உப்புநீர், வெளிச்சமில்லாத சுண்ணக்கல். கடலுக்குச் சொன்ன கணக்கு அங்கும் செல்லும்.

கிணற்றுக்காரருக்குத் தெரிந்த இன்னொன்று. கிணற்றுக்குள் மெசினை இறக்கி ஓட்டினால் புகை தங்கி, இறங்கியவர் மயங்கி விழுவார். சிலிண்டர் நிரப்பும் கொம்பிறசரின் காற்று வாய் அதன் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அதே நஞ்சுதான் சிலிண்டருக்குள்ளும் போகிறது. காற்றில் எண்ணெய் மணத்தால் இறங்கக்கூடாது. மணமில்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், நிரப்பும் இடத்தை வீட்டார் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா, அளவுமானி வேலை செய்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், படகில் ஒட்சிசன் உண்டா என்றும் சம்மாட்டியிடம் கேட்கலாம். இவற்றுக்கு மறுமொழி சொல்லக் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடுவது எமக்குச் சரியாகப் படவில்லை.

நோய் உடனே தெரியாமலும் இருக்கலாம். மேலே வந்து சில நிமிடத்திலோ சில மணித்தியாலத்திலோ தோள்மூட்டு, முழங்கால் வலிக்கும், தோல் கடிக்கும், கால் விறைக்கும், சலம் போகாது. முள்ளந்தண்டு தாக்கப்பட்டால் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகவே இயங்காமல் போகலாம். வருடக்கணக்கில் குளித்தவர்களுக்கு இடுப்பெலும்பின் தலை செத்துப்போவதும் உண்டு. காணி திரும்பக் கிடைக்கும் நாளில் குனிந்து பாத்தி கட்ட அந்த இடுப்பு வேண்டும்.

வலி கண்டவரைத் திரும்பக் கடலுக்குள் இறக்கி ‘சரிப்படுத்தும்’ வழக்கம் பல நாட்டுக் கடற்கரைகளில் உண்டு. செய்யக்கூடாது. எண்ணெய் பூசி உருவிக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்கவும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒட்சிசன் இருந்தால் முழுமையாகக் கொடுத்து, நினைவிருந்தால் தண்ணீர் பருகக் கொடுத்து, 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். இதற்கான சிகிச்சை அமுக்க அறையில்தான். அது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. வைத்தியரிடம் ‘குளிக்கப் போனவர்’ என்று மட்டும் சொன்னால் விளங்காது. எவ்வளவு ஆழம், எத்தனை சிலிண்டர், எத்தனை மணிக்கு மேலே வந்தார், வலி எப்போது தொடங்கியது என்பவற்றை ஒரு துண்டில் எழுதி, கூடக் குளித்தவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அவரும் அதே ஆழத்தில் நின்றவர். அவரையும் சோதிக்கவேண்டி வரலாம்.