சுரீர் முதலில், நோவு பிறகு

இருட்டில் நடந்து போய் நிலைப்படியில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். முதலில் சுரீரென்று ஒன்று. "அம்மா" என்று கத்தி முடிப்பதற்குள் அது அடங்கிவிடும். பிறகுதான் அந்த மந்தமான நோவு வந்து விரலில் குடியேறும். அடி ஒன்றுதான், வலி இரண்டு.

இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகளின் வேலை. ஏ-டெல்டா இழைகளுக்கு மயலின் என்ற மெல்லிய கொழுப்புறை உண்டு. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் அவை செய்தி அனுப்பும். சி இழைகளுக்கு உறையே இல்லை. நொடிக்கு சுமார் 1 மீட்டர்தான். காலிலிருந்து முதுகுத்தண்டுவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு நொடித் தாமதம் இதனால்தான். இடித்த இடத்தைத் தேய்த்தால் சற்று இதமாக இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. தொடுகைச் செய்தியைக் கொண்டுவரும் தடித்த இழைகள் தண்டுவடத்தில் வலியின் வழியை ஓரளவு அடைக்கின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள்.

எரிச்சல் வேறு கதை. பச்சை மிளகாய் நறுக்கிய கையை வெந்நீரில் விட்டுப் பாருங்கள். மிதமான சூடுகூடத் தாங்காது. நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும். மிளகாயின் கேப்சைசினும் அதே கதவைத்தான் திறக்கிறது. திறந்த கதவு குறைந்த சூட்டுக்கும் இளகிவிடுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரம் பட்டால் "எரியுது" என்கிறோமே, அது உவமை அல்ல. மூளைக்குப் போவது தீ சுட்ட செய்தியேதான்.

செய்தி இடம் மாறியும் போகும். இதயத்தின் நரம்புகளும் கையின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் வந்து சேர்வதால், மாரடைப்பு வலி இடது கையிலோ தாடையிலோ தெரியலாம். அதை வாயு என்று நினைத்து யாரும் வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

நீண்டநாள் சர்க்கரை நோயிலோ காயமே தேவையில்லை. பழுதான நரம்பே பொய்ச் செய்தி அனுப்புகிறது. பாதம் எரியும், ஊசி குத்தும், மதமதக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் சிலர் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார்கள்.