தானாக பவர் மாறும் கண்ணாடி... வாங்கலாமா?

'பேப்பரை நீட்டிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது டாக்டர்... இதுக்கு ஏதாவது லேகியம் இருக்கா?' நாற்பதைத் தாண்டியவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இது. கொஞ்ச நாளாகக் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. 'தானாகவே பவர் மாறுற எலெக்ட்ரானிக் கண்ணாடி வெளிநாட்டுல இருக்காமே, பையனை அனுப்பச் சொல்லட்டுமா?'

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளெழுத்து. நம் பெரியவர்கள் 'சாளேஸ்வரம்' என்பார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ், கிட்டத்தில் பார்க்கும்போது சற்றே உருண்டு கொடுக்கும். வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால் உருள முடிவதில்லை. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்... பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால், இறுகிய லென்ஸை அது இளக்காது. கண்ணாடிதான் வழி.

அந்த லென்ஸ் செய்ய மறந்த வேலையைச் செய்யப் பார்ப்பதுதான் எலெக்ட்ரானிக் கண்ணாடி. 2011-ல் அமெரிக்காவின் பிக்ஸல் ஆப்டிக்ஸ் கம்பெனி 'எம்பவர்' என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸுக்குள் திரவப் படிகப் படலம். (கால்குலேட்டரில் எண்களைக் காட்டுகிறதே, அதே ஜாதி!) காதோரக் கம்பியைத் தொட்டால் படிக்கும் பவர் வந்துவிடும். தலை குனிந்தாலே வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். படி இறங்கும்போதும் குனியத்தானே செய்கிறோம் என்கிறீர்களா? அணைத்து வைக்கும் வசதி உண்டு; ஞாபகமாக அணைக்க வேண்டுமே! விலை ஏறக்குறைய 1,200 டாலர். 2013-ல் கம்பெனியே திவாலாகிவிட்டது. வாங்கியவர்கள் ரிப்பேருக்கு எங்கே போவார்கள்?

2017-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிளிசரின் நிரப்பிய லென்ஸ் செய்தார்கள். எதிரே உள்ள பொருளின் தூரத்தை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, லென்ஸே வளைந்துகொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால், முகம் புத்தகத்தின் பக்கம் இருக்க, கண் மட்டும் டி.வி. பக்கம் போனால்? கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? இதற்காகவே 2019-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கருவிழி திரும்பும் திசையைக் கவனிக்கும் கேமராக்களையும் சேர்த்தார்கள். விளைவு, பெரிய கண்கவசம் போலாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்கா போக முடியும்?

ஆகவே, இப்போதைக்கு சாதாரணக் கண்ணாடியே போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். படிக்க மட்டும் ஒன்று, அல்லது பைஃபோகல், அல்லது புரோகிரசிவ். பைஃபோகல் போட்டவர்கள் படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாதீர்கள். கீழ்ப்பாதி வழியே பார்த்தால் படி மங்கும், கால் இடறும். தலையையே குனிந்து மேல்பாதி வழியே பாருங்கள். வயதானவர்களுக்கு, வெளியே நடமாட தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

எனக்குப் பெரிய கவலை வேறு. 'எழுத்து நல்லாத் தெரியுதே' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். சர்க்கரை விழித்திரையைக் கெடுப்பதும் ஆரம்பத்தில் தெரியாது. எத்தனை டாலர் கண்ணாடியும் இதைக் கண்டுபிடிக்காது. நாற்பது தாண்டியவர்கள் கண் டாக்டரிடம் போனால் பவரோடு கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டியே ஆகவேண்டும்.

'இல்லை, அனுப்பியே தீருவேன்' என்று பையன் அடம்பிடித்தால், சார்ஜ் தீர்ந்தபின் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடக்க முடியுமா, ரிப்பேர் நம்ம ஊரில் நடக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.